வாரத்துக்கு விட்ட மாடும் வாடகைக்குப் போன குதிரையும்

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மாட்டை ஓட்டி வந்தவரிடம் "மாடு யாருடையது?" என்று கேட்டால் சில நேரம் உடனே பதில் வராது. "எங்க கொட்டாயிலதான் நிக்குது" என்பார். "அப்ப உங்க மாடா?" என்றால், "மாடு அவங்களுது, வாரத்துக்குப் புடிச்சிருக்கோம்" என்று இழுப்பார். பதிவேட்டில் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். ஓட்டி வந்தவர் பெயர் ஏறிவிடும். மூன்று வருடம் கழித்துச் சொந்தக்காரர் மாட்டைக் கேட்டு வரும்போது, யாரும் யோசிக்காமல் எழுதிய அந்த ஒரு வரி பஞ்சாயத்தில் சாட்சியாக வந்து நிற்கும்.

வாரம் என்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. காசு இருப்பவரிடம் மேய்க்க ஆள் இல்லை. ஆள் இருப்பவரிடம் மாடு வாங்கக் காசு இல்லை. இவர் கிடேரிக் கன்றை வாங்கிக் கொடுக்கிறார், அவர் வளர்க்கிறார். சில ஊர்களில் கொடுக்கும்போது ஒரு விலை, திருப்பும்போது ஒரு விலை போட்டு, கூடிய தொகையைப் பாதியாகப் பிரிப்பார்கள். சில ஊர்களில் பால் வளர்ப்பவருக்கு, கன்று மாற்றி மாற்றி. ஆடு என்றால் குட்டியில் பாதி. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். எல்லா ஊரிலும் மாறாத ஒன்று, இதை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது. "நம்ம ஆளுதானே" என்பதுதான் பத்திரம்.

பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதும் இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து மாடு பிடிப்பவர்கள் மிகக் குறைவு. சண்டை வருவது வேறு இடத்தில். மாடு எதிர்பாராமல் செத்துப்போகும்; சினை பிடிக்காமல் ஒரு வருடம் சும்மா நிற்கும்; அல்லது நல்ல கறவையாகி விலை ஏறிவிடும். நஷ்டம் வந்தாலும் சண்டை, லாபம் வந்தாலும் சண்டை. கைமாறிய நாளில் பேசாமல் விட்டதைச் சண்டை நாளில் இருவரும் ஆளுக்கொரு விதமாக நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நம்பியே சொல்கிறார்கள்.

பேசாமல் விட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவது பற்றி அதில் ஒரு பகுதி உண்டு. 148-ஆவது பிரிவில் தொடங்குகிறது. எழுதியவர்கள் நகரத்து வழக்கறிஞர்கள்தான். ஆனால் உதாரணம் சொல்ல வந்த இடத்தில் அவர்களுக்கு நினைவு வந்தது மாடும் குதிரையும்தான். அவர்கள் காலத்தில் கைமாற்றாகப் போய்ச் சண்டையில் முடிந்த பொருள் அவையாக இருந்திருக்கும்.

முதலில் மாட்டை எடுத்துக்கொள்வோம். 163-ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்படைத்த பொருளில் விளைந்த பெருக்கமும் லாபமும் ஒப்படைத்தவருக்கே சேரும். அதற்குச் சட்டமே தரும் உதாரணம்: பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட பசு, இருந்த இடத்தில் கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும்.

இந்த இடத்தில் வளர்ப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாரத்துக்கு எழுத்து எதற்கு என்று கேட்டால், "அது மாட்டுக்குச் சொந்தக்காரருக்குத்தானே பாதுகாப்பு, நமக்கென்ன" என்றுதான் வளர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். எழுத்து இல்லாமல் இருவரும் வழக்காடப் போனால், சட்டத்தின் முதல் வார்த்தை சொந்தக்காரர் பக்கம் இருக்கிறது. பாதிக் கன்று உங்களுடையது என்பது நீங்கள் நிரூபிக்க வேண்டிய விஷயமாகிவிடும். ஊர் வழக்கத்தைச் சொல்லி வாதாடலாம். அந்த வழக்கத்தைச் சொல்ல நாலு பேர் முன்வர வேண்டும். மாட்டுக்குச் சொந்தக்காரர் ஊரில் செல்வாக்கானவர் என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

மாடு வளர்க்கப் பிடிப்பவர்களில் பெரும்பகுதி நிலம் இல்லாதவர்கள், அதிலும் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் வரப்பில் ஒரு கட்டுப் புல் அறுத்து வந்து போடுகிறவர்கள். அவர்களுடைய மூன்று வருடக் கூலி முழுவதும் அந்தக் கன்றின் பாதியில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போனால் அன்றன்றைக்குச் சம்பளம். இங்கே சம்பளத்தை மாட்டின் வயிற்றில் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். எனவே காகிதம் கேட்க வேண்டியவர் முதலில் வளர்ப்பவர். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கம் புரிகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்கும் வேலையைக் கால்நடை ஆய்வாளரோ வேளாண் விரிவாக்கப் பணியாளரோ செய்யலாம். "எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள்" என்று வெளி ஆள் ஒருவர் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

அடுத்தது சாவு. இதில்தான் வளர்ப்பவர்களை மிகவும் மிரட்டுகிறார்கள். "என் மாட்டைக் கொன்னுட்ட, அறுபதாயிரம் எடுத்து வை." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தன் சொந்த மாட்டைப் போல, ஒரு சராசரி புத்தியுள்ள மனிதர் எவ்வளவு கவனம் எடுப்பாரோ அவ்வளவு கவனம் எடுத்திருந்தால் போதும் என்கிறது 151-ஆவது பிரிவு. அப்படிக் கவனம் எடுத்தும் மாடு செத்தால், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, வளர்ப்பவர் பொறுப்பல்ல என்கிறது 152. இடி விழுந்து செத்ததற்கும் பாம்பு கடித்துச் செத்ததற்கும் அவரிடம் விலை கேட்க முடியாது.

ஆனால் கவனம் எடுத்தேன் என்று காட்ட வேண்டியவர் மாட்டை வைத்திருந்தவர்தான். மாடு அவர் கண்ணெதிரில்தான் இருந்தது, சொந்தக்காரருக்கு என்ன தெரியும் என்பது நீதிமன்றங்களின் பார்வை. ஆகவே மாடு தீனி எடுக்காத முதல் நாளே சொந்தக்காரருக்குப் போன் போடுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் எழுதிய சீட்டை மடித்துப் பத்திரப்படுத்துங்கள். செத்தால், புதைப்பதற்கு முன் மருத்துவரை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். காப்பீடு இருந்தால் அந்தச் சான்று இல்லாமல் பணம் வராது. காப்பீடு இல்லாவிட்டாலும் அந்தச் சான்றுதான் உங்களுக்குக் காப்பு. காப்பீட்டுத் தொகை யாருக்கு, பிரீமியத்தை யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இருவரும் பாதிப் பாதி கட்டி, ஒருவர் முழுத் தொகையை வாங்கிக்கொண்டால் அது வேறொரு சண்டை.

கெடு தாண்டிய மாட்டின் கதை வேறு. திருப்பித் தர வேண்டிய நாளில் தராமல் வைத்திருந்தால், அன்றிலிருந்து மாட்டுக்கு வரும் கேடு எல்லாம் வைத்திருப்பவர் தலையில் விழும் என்கிறது 161-ஆவது பிரிவு. "கணக்கு முடிக்கட்டும், அதுவரை மாட்டைத் தர மாட்டேன்" என்று கட்டி வைப்பவர்கள் இதை அறிவதில்லை. கணக்குத் தகராறில் கட்டிய மாடு அடுத்த வாரம் கோமாரியில் போனால், கணக்கில் வர வேண்டியதும் போய், மாட்டின் விலையும் சேர்ந்து போகும்.

ஆடு விடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. "பத்து ஆடு கொடு, மூணு வருசத்துல பத்து ஆடாத் தர்றேன்" என்று பேசினால், நீங்கள் வாங்கிய அதே பத்து ஆடா, எந்தப் பத்து ஆடானாலும் சரியா? கேட்க அற்பமாகத் தோன்றும். அதே ஆடுகளைத் திருப்புவதாக இருந்தால்தான் மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம். எந்தப் பத்து ஆடானாலும் சரி என்றால் அது ஒப்படைப்பு அல்ல, கடனைப் போன்றது. ஆட்டுக்கொல்லி நோய் வந்து பட்டியே காலியானாலும் பத்து ஆடு கடன் நிற்கும். ஒரு சொல்லில் இருக்கிறது வித்தியாசம்.

நோய் என்றதும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலங்கிடம் உள்ள குறை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நோய்ப்பட்ட ஆட்டைச் சொல்லாமல் விட்டு, வளர்ப்பவரின் சொந்த ஆடுகளும் செத்தால் நீங்கள் ஈடு தர வேண்டியிருக்கும். 150-ஆவது பிரிவு இதற்குச் சொல்லும் உதாரணம் முரட்டுக் குதிரை. முரடு என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தார் ஒருவர், குதிரை ஓடி, ஏறியவர் விழுந்து அடிபட்டார், கொடுத்தவரே பொறுப்பு. வாடகைக்கு விட்டிருந்தால் இன்னும் கடுமை: குறை எனக்கே தெரியாது என்றுகூடத் தப்ப முடியாது.

இனி குதிரைக்கே வருவோம். நம் பக்கத்தில் குதிரை யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய்ப் பார்க்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கு, கோயில் திருவிழாவுக்கு, ரேக்ளாவுக்கு, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்ல என்று குதிரைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. தோப்பில் ஆசைக்கு ஒரு குதிரை வாங்கிக் கட்டிவிட்டு, தீவனம் கட்டுப்படியாகாமல் சீசனுக்கு வேறு ஆளிடம் விடுபவர்களும் உண்டு. மாட்டு வாரத்தில் காகிதம் அதிகம் தேவைப்படுவது வளர்ப்பவருக்கு என்றேன். குதிரையில் அது தலைகீழ். இங்கே கன்றுப் பங்கு அல்ல பிரச்சினை, குதிரையின் கால்.

மாட்டை அதிகமாகக் கறந்து கெடுத்துவிட முடியாது. குதிரையை ஒரே மாதத்தில் ஓட்டிக் கெடுத்துவிடலாம். ஊர்வலத்துக்கு என்று வாங்கிப் போன குதிரையைப் பந்தய வண்டியில் பூட்டுவது புதிய தந்திரமும் அல்ல. 153-ஆவது பிரிவின் உதாரணமே அதுதான்: தான் ஏறிச் செல்ல வாடகைக்கு வாங்கிய குதிரையைச் சாரட்டு வண்டியில் பூட்டினால், சொந்தக்காரர் விரும்பினால் அந்த நிமிடமே ஒப்பந்தத்தை முடித்துக் குதிரையைத் திரும்பக் கேட்கலாம். அடுத்த பிரிவின் உதாரணத்தில் ஒருவர் காசிக்குப் போவதாகச் சொல்லிக் கல்கத்தாவில் குதிரை வாங்கினார். போனதோ கட்டாக்குக்கு. நன்றாகத்தான் ஓட்டினார், கவனமாகத்தான் இருந்தார். குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டது. கவனமாக இருந்தேன் என்ற வாதம் எடுபடாது, ஈடு தர வேண்டும். சொன்ன வேலை ஒன்று, செய்த வேலை வேறு என்றால் தற்செயலும் உங்கள் கணக்கில்தான் வரும்.

ஆனால் எதற்காகக் கொடுத்தோம் என்று எங்கும் எழுதாவிட்டால் எந்த வழி காசி, எந்த வழி கட்டாக்? "நடத்திக்கிட்டுப் போறதுக்குத்தான் குடுத்தேன்" என்று இவர் சொல்வார், "எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று அவர் சொல்வார். நொண்டிய குதிரை நடுவில் நிற்கும். "குடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்பது அடுத்த வசனம். இதற்கு மருந்து எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. குதிரையை ஒப்படைக்கும் நாளில், கெட்டியான தரையில் நடக்கவும் துள்ளு நடையில் ஓடவும் விட்டு, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் செல்போனில் வீடியோ எடுங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் படம் எடுங்கள். திரும்பி வரும் நாளில் அதே போல் இன்னொன்று.

குதிரைக்கு வேறு சில செலவுகளும் உண்டு. லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், யார் காசு? தீவனம் மாறினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, எனவே வயிற்றுவலி உயிர்வலி. இரவு பதினோரு மணிக்குச் சொந்தக்காரர் போனை எடுக்காவிட்டால், எவ்வளவு ரூபாய் வரை கேட்காமலே வைத்தியம் பார்க்கலாம் என்று ஒரு தொகையை முன்பே எழுதி வைத்திருந்தால் குதிரை பிழைக்கும். பெண் குதிரை என்றால் ஒன்று கூடுதல்: சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். ஒரு வருடக் குத்தகையில் போன குதிரை குட்டியோடு திரும்பலாம். குத்தகைக்காரர் காசு கொடுத்துச் சேர்த்தார், குட்டியை வளர்த்தார் என்றாலும், பேச்சு எதுவும் இல்லையென்றால் பசுவின் கன்றுக்குச் சொன்ன விதிதான் இதற்கும்.

அப்படியானால் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? வழக்கறிஞர் மொழி தேவையில்லை. யார், யாரிடம், எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தார். எந்தத் தேதியில் திருப்ப வேண்டும். கொடுத்த நாளின் மதிப்பு என்ன. பால், கன்று, எரு யாருக்கு. தீவனமும் வைத்தியமும் யார் செலவு. செத்தால் என்ன, சினை பிடிக்காவிட்டால் என்ன. இருவரில் ஒருவர் இறந்தால் மாடு எங்கே போகும். இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். உரிய முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்துடன் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். சொந்தக்காரர் வீட்டுப் பையன் படித்துக் காட்டினால் போதாது.

விலங்கின் அடையாளத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். நிறம், கொம்பு, பல், காதுவில்லை எண், சூட்டுத் தழும்பு. சுழியையும் எழுதுங்கள். சுழி பார்த்து அதிர்ஷ்டம் சொல்வதை நம்புகிறீர்களோ இல்லையோ, நெற்றியிலும் கழுத்திலும் சுழி இருக்கும் இடம் விலங்குக்கு விலங்கு வேறுபடும், வயதானாலும் மாறாது. குதிரைகளை அடையாளம் காண உலகம் முழுவதும் அதைப் பதிவு செய்கிறார்கள். நம் தரகர்களுக்கு இது எப்போதோ தெரியும்.

இத்தனையும் இல்லாமல் கொடுத்துவிட்டீர்கள், இப்போது தர மறுக்கிறார் என்றால்? இரவோடு இரவாக அவிழ்த்து வந்துவிடாதீர்கள். உங்கள் மாடேயானாலும், இன்னொருவர் முறையாக வைத்திருக்கும்போது அவருக்குத் தெரியாமல் கொண்டு வந்தால் திருட்டு வழக்கில் நீங்கள் மாட்டிக்கொள்ள நேரலாம். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. மாட்டைத் திருப்பும்படி பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மறுத்த தேதி அதில் உறுதியாகும். மாட்டைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம் என்பதால் பஞ்சாயத்துப் பேசியே நாளைக் கடத்த வேண்டாம்.

வைத்திருப்பவர் மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டால் கதை வேறு. தனக்கு இல்லாத உரிமையை அவர் விற்க முடியாது. பொருள் விற்பனைச் சட்டப்படி வாங்கியவருக்கும் மாடு பொதுவாகச் சொந்தமாகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு விற்றது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் இது வருகிறது. புகார் கொடுக்கலாம். ஆனால் பொள்ளாச்சிச் சந்தையில் லாரி ஏறி வாளையாறு தாண்டிய மாட்டைச் சட்டம் தேடிக் கண்டுபிடிப்பது அரிது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வளர்ப்பவர் கூலி பாக்கிக்காக மாட்டைப் பிடித்து வைக்கலாமா? குதிரையைப் பழக்கித் தரச் சொல்லி விட்டீர்கள், பழக்கினார், கூலி தரவில்லை என்றால், உழைப்பும் திறமையும் செலுத்தியவருக்குக் கூலி கிடைக்கும்வரை வைத்துக்கொள்ள 170-ஆவது பிரிவு இடம் தருகிறது. வெறும் தீவனம் போட்டதற்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அதை நம்பி மாட்டைக் கட்டி வைக்க வேண்டாம்.

இருவருக்கும் நல்ல வழி வட்டச் சட்டப் பணிகள் குழு. பெரும்பாலும் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுத்து, இருவரும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்பட்ட சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. பத்தாயிரம் ரூபாய்க் கன்றுக்காக இரண்டு குடும்பங்கள் பத்து வருடம் பேசாமல் இருப்பதைவிட அங்கே ஒரு நாள் போய் உட்காருவது மேல்.

கால்நடைப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோமாரித் தடுப்பூசி முகாம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. பன்னிரண்டு இலக்கக் காதுவில்லை போட்டுப் பெயர் பதியும்போது "மாடு யாருடையது?" என்பதோடு நிறுத்தாமல், "வாரமா?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். வாரம் என்றால் சொந்தக்காரர் பெயரைக் கேட்டு அந்தப் பெயரில் பதியுங்கள். வளர்ப்பவரிடம் வில்லை எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அவர்களுடைய ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர் பெயரில் ஏறியிருந்தால், சண்டை இல்லாத இப்போதே இருவரையும் மருந்தகத்துக்கு வரச் சொல்லித் திருத்திவிடலாம்.